கம்பி கட்டுகிறவர் கேட்ட கேள்வி: எம்.இ. படிக்கலாமா என்று எழுதிய வாசகர்களுக்கு

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது பாதிக்கு மேல் ஒரே கேள்விதான் இருந்தது. பி.இ. முடித்தாயிற்று, எம்.இ. படிப்பதா, வேண்டாமா? கேள்வி ஒன்றுதான், ஆனால் கேட்கிறவர்களின் வீட்டு நிலைமையும் வயதும் ஆசையும் வேறு வேறு. அதனால் ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்து ஒவ்வொன்றுக்கும் தனியாகவே எழுதுகிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வரி: நான் சிவில் படித்தவள். 4 வருஷம் சைட்டில் நின்றுவிட்டு அதன் பிறகு எம்.இ. ஸ்ட்ரக்சுரல் (கட்டடம் பாரத்தைத் தாங்குமா என்று கணக்குப் போட்டு வடிவமைக்கும் துறை) படித்தேன். இப்போது கோயம்புத்தூரில் சிறிய டிசைன் அலுவலகம் நடத்துகிறேன். வேலைக்கு ஆள் எடுப்பவளாகவும், கல்லூரிகளில் வைவா (வாய்மொழித் தேர்வு) எடுக்கப் போகிறவளாகவும் நான் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

கேள்வி: 2023-இல் பி.இ. சிவில் முடித்தேன். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். சென்னை பெரும்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி சைட்டில் இன்ஜினீயராக இருக்கிறேன். சம்பளம் 17,500 ரூபாய். எனக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்யத்தான் ஆசை. மூன்று அலுவலகங்களில் போய்க் கேட்டேன், மூன்று இடத்திலும் எம்.இ. இருக்கிறதா என்றார்கள். ஊருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில், "தினமும் வர வேண்டியதில்லை, வேலை பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம், ஃபீஸிலும் குறைத்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். சேர்ந்துவிடலாமா? அப்பா டி.என்.பி.எஸ்.சி. எழுதச் சொல்கிறார்.
வாசகர், நாமக்கல்

பதில்: தம்பி, நீங்கள் எம்.இ. படிக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அந்தக் கல்லூரியில் சேராதீர்கள்.

ஏன் படிக்கச் சொல்கிறேன் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். 1997-இல் அவிநாசி பக்கம் ஒரு கிராமத்தில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொண்டிருந்தோம். நான் சைட் இன்ஜினீயர், வேலைக்கு வந்து 2 வருஷம் ஆகியிருந்தது. தூணுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருநாள் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, பிரேஸ் வந்து சேருற இடத்துல மட்டும் ரிங்க இத்தனை நெருக்கமா போடச் சொல்றீங்க, நடுவுல மட்டும் தள்ளித் தள்ளிப் போடச் சொல்றீங்க. எதுக்குங்க?" (பிரேஸ் என்பது தூண்களைக் குறுக்கே இணைக்கும் பீம், ரிங் என்பது தூணின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்.) டிராயிங்கில் அப்படி இருக்கிறது என்றேன். "அது தெரியுதுங்க, எதுக்குன்னுதான் கேட்டேன்" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. 30 வருஷமாகக் கம்பி கட்டுகிறவர், காரணம் தெரிந்தால் இன்னும் நன்றாகக் கட்டலாமே என்றுதான் கேட்டார். மூட்டுப் பக்கத்தில் 100 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது என்று ஐ.எஸ். 13920 (பூகம்பத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதி) சொல்வது எனக்கு மனப்பாடம். ஏன் என்று தெரியாது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது அவருக்கு இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். நிலம் ஆடும்போது மேலே இருக்கிற தண்ணீரின் கனம் முழுவதும் பக்கவாட்டில் இழுக்கும். தூண் எஸ் எழுத்துப்போல் வளையும். பிரேஸ் வந்து சேரும் இடத்தில் வளைக்கும் விசை உச்சத்தில் இருக்கும், இரண்டு பிரேஸுக்கும் நடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம். உச்சத்தில் இருக்கிற இடத்தில் மேலே இருக்கிற கவர் கான்கிரீட் உதிர்ந்தாலும், உள்ளே இருக்கிற கான்கிரீட் சிதறாமல் கட்டிப் பிடிக்க வேண்டியது அந்த ரிங்தான். அதனால்தான் ரிங்கின் முனையை 135 டிகிரி மடக்கி உள்ளே சொருகச் சொல்கிறோம். 90 டிகிரியில் விட்டால், கவர் போனதும் ரிங் வாயைத் திறந்துவிடும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எம்.இ. படிப்பு. நான் கடைசி வருஷம் படிக்கும்போது, 2001 ஜனவரி 26 காலையில் குஜராத்தில் புஜ் பூகம்பம் வந்தது. சில வாரங்கள் கழித்து எங்கள் பேராசிரியர் அங்கிருந்து வந்த படங்களை வகுப்பில் ஒவ்வொன்றாகக் காட்டினார். தூணின் மூட்டில் ரிங் திறந்து, நடுவில் இருந்த கம்பிகள் குடைக் கம்பி மாதிரி வெளியே வளைந்து கிடந்தன. வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. அடுத்த வருஷமே பூகம்ப விசைக்கான தரவிதியான ஐ.எஸ். 1893-ஐத் திருத்தினார்கள், சென்னை இரண்டாம் பூகம்ப மண்டலத்திலிருந்து, ஆபத்து கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது. இன்று நீங்கள் பெரும்பாக்கத்தில் நின்று பார்க்கிற அந்தக் கட்டடத்தின் கணக்கும் அந்தத் திருத்தத்தின் வழியாக வந்ததுதான்.

உங்களுக்குச் செய்ய ஆசைப்படுகிற வேலை எது என்று தெரிந்திருக்கிறது, அந்த வேலைக்கு எம்.இ. கேட்கிறார்கள் என்பதையும் நேரில் போய்த் தெரிந்துகொண்டிருக்கிறீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் இது அபூர்வம்.

சரி, அந்தக் கல்லூரி ஏன் வேண்டாம்? சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரிக்கு எம்.இ. வைவா எடுக்கப் போனேன். ஒன்பது மாணவர்கள். எட்டுப் பேருடைய ப்ராஜெக்டும் ஒன்றுதான்: சிமெண்டில் 10, 20, 30 சதவீதம் எடுத்துவிட்டு ஏதோ ஒரு சாம்பலைச் சேர்ப்பது, 150 மி.மீ. கியூப் போடுவது, 7 நாளிலும் 28 நாளிலும் உடைத்துப் பார்ப்பது. அதில் தவறில்லை, நல்ல கேள்வியோடு செய்தால் அதுவும் ஆராய்ச்சிதான். ஆனால் ஒரு பையனிடம், "நீயே கியூப் போட்டாயா தம்பி?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். வெளியில் காசு கொடுத்துச் செய்ய வைத்திருக்கிறார்கள். டைனமிக்ஸ் (கட்டடம் ஆடுவதைக் கணக்கிடும் பாடம்) யார் எடுத்தார்கள் என்று கேட்டேன், நோட்ஸ் கொடுத்தார்கள் மேடம் என்றான். வரும் வழியெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது. அந்தப் பையன் சோம்பேறி இல்லை. இரண்டு வருஷத்தையும் பெற்றவர்களின் காசையும் கொடுத்து அவன் வாங்கிக்கொண்டு போனது ஒரு தாள். அந்தத் தாளோடு என் அலுவலகத்துக்கு வந்தால் என்னால் அவனை எடுக்க முடியாது.

என் அலுவலகத்தில் முதல் பரீட்சை ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும்தான். இரண்டு தூண், மேலே ஒரு பீம், பக்கவாட்டில் ஒரு தள்ளு. வளைந்த பிறகு எப்படி இருக்கும் என்று வரையுங்கள், பெண்டிங் மொமெண்ட் (எந்த இடத்தில் எவ்வளவு வளைக்கும் விசை என்பது) போடுங்கள் என்பேன். ஈடாப்ஸ் என்கிற டிசைன் மென்பொருளில் 20 மாடி மாடல் பண்ணியிருக்கிறேன் என்று சொல்கிறவர்கள்கூட மூலையில் தூணும் பீமும் சேரும் கோணத்தை விரித்து வரைந்துவிடுகிறார்கள். அது 90 டிகிரியாகவே நின்று முழுசாகத் திரும்ப வேண்டும். சைட்டில் இருந்து வந்த பி.இ. பையன் ஒருவன் சரியாக வரைந்தான், அவனை எடுத்தேன், இன்றும் இருக்கிறான். ஆக எம்.இ. இல்லாமல் இந்த வேலை கிடைக்கவே கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் உயரமான கட்டடம், பாலம், அடுத்தவர் செய்த டிசைனைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என்று வரும்போது டைனமிக்ஸும் ஃபைனைட் எலிமெண்ட்டும் (கட்டமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) ஒழுங்காகப் படித்தவர்களைத்தான் கூப்பிடுவோம். அதைத் தனியாக உட்கார்ந்து படித்து முடித்தவர்களை நான் கைவிரலில் எண்ணிவிடலாம்.

அதனால் கேட் (GATE, எம்.இ. சேர்க்கைக்கான அகில இந்தியத் தேர்வு) எழுதுங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. 3 மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க். அதில் 15 மார்க் பொதுத் திறன், அதை விட்டுவிடாதீர்கள். மதிப்பெண் 3 வருஷம் செல்லும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. திருச்சி எல்லாம் அந்த மதிப்பெண்ணில்தான் எடுக்கிறார்கள். கிண்டியோ, கோவை ஜி.சி.டி.யோ, மதுரை தியாகராசரோ போதும் என்றால் அண்ணா பல்கலைக்கழகம் 2023-இலிருந்து நடத்துகிற சீட்டா பி.ஜி. தேர்வும் இருக்கிறது. இரண்டையும் எழுதுங்கள்.

காசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். வேலையை விட்டால் 24 மாதத்தில் உங்கள் சம்பளம் 4,20,000 ரூபாய் போகும். கேட் தகுதியோடு முழுநேரம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, 24 மாதத்துக்கு 2,97,600. நிகர இழப்பு 1,22,400 ரூபாய், அதோடு ஃபீஸும் ஹாஸ்டலும். கேட் இல்லாமல் சேர்ந்தால் அந்த 2,97,600-உம் கிடையாது. "வேலை பார்த்துக்கொண்டே படி" என்று உங்களுக்கு ஃபீஸில் குறைக்கிற தொகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்பாவிடம் கோபப்படாதீர்கள். டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் தேர்வுக்கு பி.இ. போதும், பாடமும் கேட் பாடமும் பெரும்பகுதி ஒன்றுதான். ஒரே படிப்பில் இரண்டையும் எழுதலாம் என்று சொல்லுங்கள், அவருக்கும் நிம்மதியாக இருக்கும். அதுவரை சைட் வேலையை விடாதீர்கள். நாளைக்கே அங்கே கம்பி கட்டுகிறவர்களிடம் போய் நில்லுங்கள், தூண் மூட்டில் ரிங் எப்படிக் கொக்கி போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஐ.எஸ். 13920-ஐ ஒரு கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

கேள்வி: எம்.இ., எம்.டெக்., எம்.எஸ். மூன்றும் ஒன்றா? எதற்கு மதிப்பு அதிகம்?
மாணவி, திருநெல்வேலி

பதில்: எம்.இ., எம்.டெக். இரண்டும் ஒன்றே. எந்தப் பெயரில் பட்டம் கொடுப்பது என்பது பல்கலைக்கழகத்தின் வழக்கம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் போன்ற இடங்களில் இருக்கும் எம்.எஸ். என்பது ஆராய்ச்சி வழிப் பட்டம். அதில் பாடங்கள் குறைவு, ஒரே தலைப்பில் ஆழமாக வேலை செய்து ஆய்வேடு எழுத வேண்டும், உதவித்தொகை உண்டு. பி.எச்டி. பக்கம் மனம் இருந்தால் அது நல்ல வழி. எந்தப் பேராசிரியரிடம் சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டு வருஷமா, மூன்று வருஷமா என்பதும் மாறும். சேர்வதற்கு முன் அவரிடம் இப்போது படிக்கிறவர்கள் இரண்டு பேரிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: வயது 26. பி.இ. மெக்கானிக்கல். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில் 4 வருஷமாக இருக்கிறேன், 24,000 சம்பளம். என்னோடு சேர்ந்தவர்களுக்கெல்லாம் புரமோஷன் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. எம்.இ. முடித்தால் மேலே போக முடியுமா? தங்கை கல்யாணமும் இருக்கிறது.
வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எந்தப் பாடத்தில் எம்.இ. என்று நீங்கள் எழுதவே இல்லை. உங்களுக்கு வேண்டியது புரமோஷன், எம்.இ. அதற்கு ஒரு வழியாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

நாளை ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்கு மேலே இருக்கிற ஆறு பேருடைய பெயரை எழுதி, பக்கத்தில் அவர்கள் என்ன படித்தவர்கள் என்று எழுதுங்கள். டிப்ளமோவும் பி.இ.யும்தான் வரும் என்று நினைக்கிறேன், ஒருவேளை ஒருவர் எம்.பி.ஏ. அந்தப் பட்டியலில் எம்.இ. ஒன்றுகூட இல்லை என்றால் அந்தக் கம்பெனியில் எம்.இ. உங்களை மேலே தூக்கப் போவதில்லை. உங்களுக்கு ஏன் வரவில்லை என்பதை உங்கள் மேனேஜரிடமே நேராகக் கேட்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள். என் அண்ணன் மகனும் மெக்கானிக்கல்தான், ஒரகடத்தில் இருக்கிறான். அவனுக்கும் இதே குறை இருந்தது. கேட்டபோது சொன்னார்கள்: கஸ்டமர் ஆடிட் வரும்போது நீ பின்னால் போய் நின்றுகொள்கிறாய், டிராயிங்கில் டாலரன்ஸ் ஏன் இப்படிக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டால் உனக்குச் சொல்ல வரவில்லை. அதற்கப்புறம் ஆறு மாதம் ஜி.டி. அண்ட் டி. (டிராயிங்கில் அளவும் டாலரன்ஸும் குறிக்கும் முறை) உட்கார்ந்து படித்தான், ஆடிட்டில் முன்னால் வந்து பேசினான். அவனுக்கு எம்.இ. தேவைப்படவில்லை.

மெக்கானிக்கலில் எம்.இ. உண்மையாகவே கேட்கிற வேலைகள் இருக்கின்றன. வண்டி மோதினால் எப்படி நசுங்கும் என்று கணக்குப் போடுவது, காற்றோட்டக் கணக்கு, இரைச்சலும் அதிர்வும் ஆராய்வது, பேட்டரிச் சூட்டை அடக்குவது. அவை ஆராய்ச்சி மையங்களில் இருக்கின்றன, உற்பத்தி லைனில் இல்லை. அந்த வேலைகளில் ஏதாவது ஒன்றைப் பற்றிப் படிக்கும்போது நேரம் போவது தெரியவில்லை என்றால் அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள், என் பதில் வேறு மாதிரி இருக்கும்.

பொதுத்துறை நிறுவனங்களில் ஆசை இருந்தால் கவனம். கேட் மதிப்பெண்ணை வைத்து எடுக்கிற பல நிறுவனங்களுக்கு பி.இ.தான் தகுதி, வயது வரம்பு பொதுப்பிரிவினருக்கு 26, 27, 28 என்று இருக்கும். ஓ.பி.சி.க்கு 3 வருஷமும் எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 வருஷமும் சலுகை உண்டு. நீங்கள் இரண்டு வருஷம் எம்.இ. முடித்துவிட்டு வருவதற்குள் அந்தக் கதவு மூடிவிடலாம். எழுதுவதென்றால் இந்த வருஷமே எழுதுங்கள்.

எப்படியும் ஒரு மேற்பட்டம் வேண்டும் என்று மனம் கேட்டால், பிட்ஸ் பிலானி வேலையில் இருப்பவர்களுக்காக நடத்துகிற எம்.டெக். இருக்கிறது, வார இறுதியில் ஆன்லைன் வகுப்பு, 4 செமஸ்டர். சம்பளம் நிற்காது. உங்கள் கம்பெனியே ஃபீஸில் ஒரு பங்கு கொடுக்குமா என்று எச்.ஆரில் கேட்டுப் பாருங்கள். தங்கை கல்யாணம் முடிகிற வரைக்கும் வேலையை விடும் யோசனை மட்டும் வேண்டாம்.

கேள்வி: நான் காரைக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மகள் இ.சி.இ. கடைசி வருஷம், நன்றாகப் படிப்பாள். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. மொத்தம் 40 லட்சம் ஆகும், வீட்டை வைத்து லோன் வாங்கலாம் என்று கன்சல்டன்சியில் சொல்கிறார்கள். மகளின் ஆசையைத் தடுக்க மனமில்லை. வீடோ அப்பா கட்டியது. என்ன செய்ய?
ஒரு தகப்பனார்

பதில்: ஐயா, மகளின் ஆசையையும் வீட்டையும் நீங்கள் ஒரே வரியில் எழுதியிருப்பதைப் பார்த்தபோதே எத்தனை இரவு இதை யோசித்திருப்பீர்கள் என்று புரிந்தது. முதலில் கணக்கை எழுதிவிடுகிறேன், மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படியுங்கள்.

40 லட்சம், 11 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். முழுத்தொகையும் முதலிலேயே எடுத்து, படிக்கிற 2 வருஷமும் வட்டி கட்டாமல் விட்டால் 8,80,000 ரூபாய் ஏறி, கடன் 48,80,000 ஆகிவிடும். அதை 10 வருஷத்தில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 67,000 ரூபாய். அமெரிக்காவில் வேலை கிடைத்தால் டாலரில் இது கட்டக்கூடிய தொகைதான். வேலை கிடைக்காமல் திரும்பி வந்தால், சென்னையிலோ பெங்களூரிலோ முதல் சம்பளத்தில் இதைக் கட்ட முடியாது. கடைதான் கட்ட வேண்டும்.

அங்கே படிப்பு முடிந்ததும் 1 வருஷம், இ.சி.இ. போன்ற படிப்புகளுக்குக் கூடுதலாக 2 வருஷம், ஆக 3 வருஷம் வேலை பார்க்க அனுமதி இருக்கிறது. அதற்குள் எச்-1பி விசா (அங்கே தொடர்ந்து வேலை பார்ப்பதற்கான விசா) கிடைக்க வேண்டும். வருஷத்துக்கு 85,000 இடம், அதில் 20,000 அங்கே மேற்பட்டம் வாங்கியவர்களுக்கு. விண்ணப்பம் அதைவிட நிறைய வருவதால் குலுக்கல் நடக்கிறது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று திடீரென்று அறிவித்தார்கள். அங்கேயே படித்து முடித்து விசா மாற்றிக்கொள்கிறவர்களுக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது. ஆனால் நடுவில் இருந்த அந்த நாட்களில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது! உங்கள் மகளின் திறமைக்கும் அந்த அறிவிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 10 வருஷக் கடனை இப்படி ஒரு விதியை நம்பி, அதுவும் குடியிருக்கும் வீட்டை வைத்து வாங்க வேண்டாம் என்பதுதான் என் மனதில் பட்டது.

அதற்காக மகளை வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. அவள் எதைப் படிக்க ஆசைப்படுகிறாள் என்று கேளுங்கள். "அமெரிக்கா" என்று சொன்னால் அது பதில் இல்லை. சிப் டிசைன் என்று சொன்னால், எம்.டெக்.குக்கு இந்தியாவிலேயே நல்ல மதிப்புள்ள துறைகளில் அது ஒன்று. பெங்களூரு, ஹைதராபாத், சென்னையில் இருக்கும் சிப் டிசைன் அலுவலகங்கள் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. வளாகங்களுக்கு வந்து வி.எல்.எஸ்.ஐ. (சிப் வடிவமைப்புப் பாடம்) படித்தவர்களை எடுக்கின்றன. கேட் மதிப்பெண்ணில் இடம் கிடைத்தால் வீட்டை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. சாஃப்ட்வேர் வேலைக்குத்தான் போகப் போகிறாள் என்றால் அதற்கு எந்த மேற்பட்டமும் தேவையில்லை, பி.இ.யோடு இப்போதே போகலாம்.

வெளிநாடுதான் வேண்டும் என்று பிள்ளை உறுதியாக இருந்தால் ஜெர்மனியையும் பாருங்கள். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகைதான். பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் மட்டும் வெளிநாட்டவருக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வாங்குகிறது. விசாவுக்கு ஒரு வருஷச் செலவாக 11,904 யூரோ முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும், நம் பணத்தில் ஏறக்குறைய 12 லட்சம். அது மாதம் 992 யூரோவாக அவள் கைக்கே திரும்பி வரும். ஏ.பி.எஸ். சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகளை ஜெர்மன் தரப்பில் சரிபார்த்துக் கொடுப்பது) கட்டாயம், அதை முதலிலேயே வாங்கிவிட வேண்டும். ஆங்கிலத்தில் பாடம் நடந்தாலும் வேலைக்கு ஜெர்மன் மொழி வேண்டும். இன்றே ஆரம்பித்தால்தான் முடிக்கிறபோது பேச வரும்.

இன்னொன்று. கன்சல்டன்சிக்காரர்களில் சிலருக்குப் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகத்திலிருந்து கமிஷன் வரும். அதனால் அவர்கள் சொல்வதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் சேரப்போகிற அதே துறையில் போன வருஷம் முடித்த நம் ஊர்ப் பிள்ளைகள் மூன்று பேரைக் கண்டுபிடித்துப் பேசச் சொல்லுங்கள். எத்தனை மாதத்தில் வேலை கிடைத்தது, கிடைத்தது எந்த வேலை, இந்த இரண்டை மட்டும் கேட்டால் போதும். மூன்று பேரும் அவளுக்குப் பிடித்த வேலையில் இருந்து, வீட்டை வைக்காமல் ஒரு பகுதியைத் திரட்ட உங்களால் முடியும் என்றால், நான் மேலே சொன்னதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அனுப்பிவையுங்கள்.

கேள்வி: வயது 33. 2013-இல் பி.இ. சிவில், முதல் வகுப்பு. கல்யாணம், குழந்தை என்று வேலைக்கே போகவில்லை. மகன் இப்போது நான்காம் வகுப்பு. எம்.இ. படித்துவிட்டு இன்ஜினீயரிங் கல்லூரியில் ஆசிரியையாகப் போகலாம் என்று நினைக்கிறேன். இந்த வயதில் இது சரியா? வீட்டில் சிரிக்கிறார்கள்.
வாசகி, ஈரோடு

பதில்: அவர்கள் சிரிக்கட்டும் சகோதரி, நான் சிரிக்க மாட்டேன். என் அலுவலகத்தில் டிராயிங் பார்க்கிற பெண்மணி 36 வயதில் திரும்ப வந்தவர்.

பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதிப்படி பி.இ.யும் எம்.இ.யும் வேண்டும், இரண்டில் ஒன்றில் முதல் வகுப்பு இருக்க வேண்டும். உங்களுக்கு முதல் வகுப்பு இருக்கிறது, எம்.இ. மட்டும்தான் பாக்கி. ஆனால் உள்ளே போன பிறகு பி.எச்டி. இல்லாமல் மேலே போக முடியாது, அதையும் சேர்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிவிலில் மாணவர் சேர்க்கை குறைந்த கல்லூரிகளில் ஆசிரியர்களைக் குறைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் கற்பிக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் முதலில் பாலிடெக்னிக்கைப் பாருங்கள். அங்கே விரிவுரையாளருக்கு முதல் வகுப்பு பி.இ. போதும். அரசு பாலிடெக்னிக்குக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிடும்போது தேர்வு எழுதலாம், தனியார் பாலிடெக்னிக்கில் நேராகவே கேட்கலாம். ஒரு வருஷம் வகுப்பறையில் நின்று பார்த்துவிட்டு, இதுதான் என் வேலை என்று தோன்றினால் அப்போது எம்.இ.க்குப் போங்கள். 35 வயதில் சேர்ந்தவர்களோடு நானே படித்திருக்கிறேன்.

11 வருஷத்துக்கு மேல் விட்டுப்போனதைத் திரும்பப் பிடிக்க என்.பி.டி.இ.எல். என்கிற ஆன்லைன் பாடத்தளம் போதும். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் எடுத்த பாடங்கள், பார்ப்பதற்குக் காசில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் ஆரம்பியுங்கள். மகன் பள்ளிக்குப் போன பிறகு ஒரு மணி நேரம், ஒரு சாதாரணப் பீமுக்கு ஷியர் ஃபோர்ஸ், பெண்டிங் மொமெண்ட் கையால் போடுங்கள். முதல் வாரம் கை நடுங்கும், எனக்கு சைட்டிலிருந்து படிக்கப் போனபோது அப்படித்தான் இருந்தது. ஒரு மாதம் போட்ட கணக்குத் தாள்களில் நான்கைந்தைப் படம் எடுத்து இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். நானே திருத்தித் திருப்பி அனுப்புகிறேன்.